ஊஞ்சல் போட இ.ஐ.ஏ. வேண்டுமா?

எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் போன ஆண்டு இந்தக் கேள்வி வந்தது. பினாங்குத் தீவில் இருக்கும் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி அது. திடலில் துருப்பிடித்த சறுக்கு, ஒருபக்கச் சங்கிலி அறுந்த ஊஞ்சல், மழை விட்டு மூன்று நாளானாலும் வற்றாத ஒரு பள்ளம். ஒருவர் நன்கொடை தர முன்வந்திருந்தார். பழையதைக் கழற்றிவிட்டுப் புது ஊஞ்சலும் சறுக்கும் போடலாம், கீழே ரப்பர் தரை விரிக்கலாம், நடைபாதைக்குக் கொஞ்சம் சிமெண்டு பூசலாம் என்று குத்தகையாளரின் விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். பின்வரிசையிலிருந்து ஓர் அப்பா எழுந்தார்.

"சார், இதுக்கு இ.ஐ.ஏ. எடுத்தாச்சா?"

பெரிய திட்டங்களுக்குக் கேட்கும் சுற்றுச்சூழல் அறிக்கை அது. எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விதானே? யாருக்காவது பதில் தெரியுமா?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. செயலாளர் நான்தான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. அதற்காகப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. இதை ஒரு பெற்றோரின் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அப்பா கேட்டதில் வியப்பில்லை. பினாங்குக்காரர்களுக்கு இந்த மூன்றெழுத்து நன்றாகப் பழகிவிட்டது. தீவின் தென்கரையில் கடலைத் தூர்த்து மூன்று தீவுகள், ஏறக்குறைய 4,500 ஏக்கர், உருவாக்கும் திட்டம் வந்தபோது காப்பிக்கடை வரை போன சொல் அது. 2019இல் அதன் இ.ஐ.ஏ. அறிக்கைக்கு ஒப்புதல் கிடைத்தது. மீனவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் அந்த ஒப்புதலை ரத்து செய்தது. 2023இல் மறுபடி ஒப்புதல் வந்து, கடைசியில் மூன்று தீவு ஒரே தீவாகச் சுருங்கியது. இவ்வளவையும் செய்தியில் பார்த்தவர், மண்ணைத் தோண்டும் எந்த வேலைக்கும் அந்தத் தாள் வேண்டும் என்று நினைத்தால் அது அவர் தப்பில்லை.

சரி, இ.ஐ.ஏ. என்பது என்ன? தமிழில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. ஒரு வேலையைத் தொடங்கும் முன்பே, அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் காற்றுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் என்ன ஆகும் என்று ஆராய்ந்து எழுதி, கெடுதலைக் குறைக்க என்ன செய்யப்போகிறோம் என்பதையும் சொல்லி, அனுமதி தருபவர் மேசையில் வைப்பது. "முன்பே" என்பதுதான் இதில் உயிர். அமெரிக்காவில் 1970 ஜனவரி 1ஆம் தேதி அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டத்திலிருந்து இந்த வழக்கம் உலகெங்கும் பரவியது. மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் 34ஏ என்ற பிரிவு பின்னாளில் சேர்ந்தது. அதன் கீழ் வந்த ஆணை 1988 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. இப்போது இருப்பது 2015 ஆகஸ்டு 28 முதல் நடப்பில் உள்ள புதிய ஆணை.

எல்லா வேலைக்கும் இப்படி அறிக்கை கேட்டால் நாடு நகராது. ஆகவே சின்ன வேலைகளை எப்படியாவது வெளியே விட வேண்டும். அதற்கு உலகத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

மருத்துவமனையை நினைத்துக்கொள்ளுங்கள். நிபுணரைப் பார்க்க வேண்டுமானால் கையில் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கடிதம் இல்லாதவர் அந்த மாடிக்கே போவதில்லை. அவருக்கு என்ன நோய் என்று அங்கே யாரும் கேட்பதும் இல்லை. இது ஒரு வழி. அரசாங்கக் கிளினிக்கில் வேறு மாதிரி. யார் வந்தாலும் எண் எடுக்க வேண்டும். முகப்பில் இருக்கும் தாதி ஒரு பார்வை பார்த்து, "இது வெறும் சளிதான், மருந்து வாங்கிக்கொண்டு போங்கள்" என்று சிலரை அனுப்பிவிடுவார். இது இன்னொரு வழி. இரண்டிலும் சளிக்காரர் நிபுணரைப் பார்க்காமல்தான் வீட்டுக்குப் போகிறார். ஆனால் இரண்டாவதில் அவரை யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார்.

மலேசியாவின் வழி முதலாவது. 2015 ஆணையில் இரண்டு அட்டவணைகள் உள்ளன: முதலாவதில் 21 வகை வேலைகள், இரண்டாவதில் 17. விமான நிலையம், அணைக்கட்டு, துறைமுகம், மின்நிலையம், கல்லுடைப்பு, கடல் தூர்ப்பு என்று போகும். இரண்டாம் அட்டவணையில் வருபவை இன்னும் பெரியவை. அவற்றின் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். பட்டியலில் உங்கள் வேலை இருந்தால், சுற்றுச்சூழல் இலாகாவின் தலைமை இயக்குநர் ஒப்புதல் தரும் வரை கை வைக்கக் கூடாது. இல்லையென்றால் இ.ஐ.ஏ. என்ற பேச்சே இல்லை. பள்ளித் திடலில் ஊஞ்சல் போடுவது அதில் இல்லை. கண்டிப்பாகச் சொன்னால் நமக்குக் கிடைப்பது "விலக்கு"கூட அல்ல. விலக்கு என்றால் உள்ளே இருந்தவரை வெளியே விடுவது. நாம் உள்ளேயே போகவில்லை.

பட்டியலில் ஒரு வரி மட்டும் பினாங்குக்காரர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது: சரிவு. 25 பாகைக்கும் 35 பாகைக்கும் இடைப்பட்ட சரிவுள்ள நிலத்தை வெட்டித் திருத்துவது பட்டியலுக்குள் வருகிறது. 25 பாகை என்றால் 10 மீட்டர் நடப்பதற்குள் ஏறக்குறைய நாலரை மீட்டருக்கு மேல் ஏறிவிடுவது. நம் தீவில் சமநிலம் கடலோரத்தில்தான், மற்றதெல்லாம் குன்று. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 பேர் மடிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மேட்டை வெட்டி "சின்னதாக" ஒரு திடல் என்று யாராவது கிளம்பினால், அங்கே பேச்சு திடலைப் பற்றியதாக இருக்காது, மேட்டைப் பற்றியதாக இருக்கும்.

இரண்டாவது வழிக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். அங்கேயும் 1970இல்தான் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் அப்போது ஆளுநராக இருந்த ரொனால்டு ரீகன். அரசு அமைப்பு எதுவும், பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பான பள்ளி மாவட்டம் உட்பட, ஒரு வேலையைச் செய்யவோ அனுமதிக்கவோ முடிவெடுத்தால் இந்தச் சட்டம் எட்டிப் பார்க்கும். எல்லோரும் எண் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் 33 வகை விலக்குகள் இருக்கின்றன. பள்ளித் திடலுக்குப் பொருந்துபவை நாலைந்து.

முதல் வகை, ஏற்கெனவே இருப்பதைப் பழுதுபார்ப்பது, சிறிது மாற்றுவது. பயன்பாடு பெரிதாக விரிவடையக் கூடாது. துருப்பிடித்த சறுக்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதைப் போடுவது இதில் சுலபமாக அடங்கும். மூன்றாம் வகை, சிறு கட்டுமானங்கள். நான்காம் வகை, நிலத்தில் சிறு மாற்றங்கள்: புல் போடுவது, செடி நடுவது, மண்ணைச் சமன் செய்வது. ஆனால் நன்றாக வளர்ந்த, நோயில்லாத மரத்தை வெட்டக் கூடாது. மண்ணைச் சமன் செய்யும் நிலத்தின் சரிவு 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும், அதாவது 10 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் கூட இருக்கக் கூடாது. பதினான்காம் வகை பள்ளிக்கென்றே எழுதப்பட்டது: பள்ளி வளாகத்துக்குள் கட்டும் சிறு கூடுதல்கள், மாணவர் கொள்ளளவை 25 விழுக்காட்டுக்கு மேலோ பத்து வகுப்பறைக்கு மேலோ உயர்த்தாமல் இருந்தால் விலக்கு, இரண்டில் எது குறைவோ அதுதான் எல்லை. இவை எதிலும் அடங்காவிட்டாலும், சுற்றுச்சூழலுக்குப் பெரிய பாதிப்பு வர வாய்ப்பே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் போகலாம் என்று ஒரு விதி உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே "பொதுப்புத்தி விலக்கு".

எனக்குப் பிடித்தது விலக்குகள் அல்ல, விலக்குகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் விலக்குகள். வேலை சிறியதாக இருந்தாலும் சில இடங்களில் விலக்கு செல்லாது. நச்சுக்கழிவு இருப்பதாக அரசு பட்டியலிட்ட நிலமாக இருந்தால் செல்லாது. வரலாற்றுச் சின்னத்துக்குக் கெடுதல் வந்தால் செல்லாது. வழக்கத்துக்கு மாறான சூழ்நிலையால் பெரிய பாதிப்பு வரக்கூடும் என்றால் செல்லாது. ஒரே இடத்தில் ஒரே மாதிரியான வேலைகளை அடுத்தடுத்துச் செய்து, அவை சேர்ந்து பெரிதாகிவிட்டாலும் செல்லாது.

இந்தக் கடைசி விதியைப் படித்தபோது எனக்கு நம் பள்ளிகள்தான் நினைவுக்கு வந்தன. இந்த ஆண்டு ஊஞ்சல். அடுத்த ஆண்டு ஊஞ்சலுக்குக் கூரை. அதற்கடுத்த ஆண்டு கூரையை நீட்டித் திறந்த மண்டபம். அப்புறம் ஆசிரியர்களின் கார் நிறுத்தத் தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு தலைவர் காலத்தில், ஒவ்வொரு நன்கொடையில். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்ன வேலை. பத்தாண்டு கழித்துப் பார்த்தால் புல் எங்கே என்று தேட வேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. மொத்தமாகப் பார்க்க யாருக்கும் வேளை வருவதில்லை, அவ்வளவுதான்.

விலக்கு பெற்ற அமைப்பு அங்கே ஓர் அறிவிப்பைப் பதிவு செய்யலாம்: இந்த வேலை, இந்த வகையில், இந்தக் காரணத்தால் விலக்கு. கட்டாயமில்லை. ஆனால் பதிவு செய்தால், வழக்குப் போட விரும்புபவருக்கு 35 நாள்தான் அவகாசம்; செய்யாவிட்டால் பொதுவாக 180 நாள். ஆகவே எழுதி வைப்பது பள்ளிக்கே லாபம். அந்தப் பக்கம் லாஸ் ஏஞ்சலீஸ் போன்ற ஊர்களில் பள்ளித் திடலின் தாரை உடைத்தெடுத்து மரம் நடுகிறார்கள். நாம் புல்லின் மேல் சிமெண்டு பூசக் காசு சேர்க்கிறோம். சரி, அதை விடுங்கள்.

பள்ளி என்பதால்தான் இந்தச் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் பொருளாளரும் அப்படித்தான் சொன்னார்: "நல்ல காரியம்தானே, பிள்ளைங்களுக்குத்தானே." விலக்கு கிடைப்பது காரியம் நல்லது என்பதால் அல்ல, பாதிப்பு சிறியது என்பதால். இது இந்தியாவில் உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம். அங்கே 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள திட்டங்களுக்கு முன்அனுமதி வேண்டும். பள்ளி, கல்லூரிக் கட்டடங்களுக்கு அந்த அனுமதி வேண்டாம் என்று 2025 ஜனவரியில் மத்திய அரசு ஒரு விலக்குக் கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை மட்டும் அடித்துவிட்டது. மழைத்தண்ணீருக்கும் மண்ணுக்கும் மேலே நிற்பது பள்ளியா பங்களாவா என்று தெரியாது.

இனி நம் ஊருக்கு வருவோம். இ.ஐ.ஏ. வேண்டாம் என்றால் யாரையும் கேட்க வேண்டாம் என்று அர்த்தமா? தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில், சமயச் சடங்கோ விழாவோ நடத்தத் தற்காலிகமாக ஒரு மாதத்துக்கு மிகாமல் நிலத்தைப் பயன்படுத்துவதற்குத் திட்டமிடல் அனுமதி தேவையில்லை என்று ஒரு விலக்கு இருக்கிறது. அதற்காக மாநகர் மன்றத்தின் பெர்மிட் இல்லாமல் தண்ணீர்மலைச் சாலையில் பந்தல் போட்டுவிட முடியுமா? முடியாது என்று பந்தல் போடும் எல்லோருக்கும் தெரியும். ஒரு கதவு திறந்திருப்பதால் அடுத்த கதவும் திறந்திருக்கும் என்று இல்லை.

திடலுக்கும் அப்படித்தான். வெறும் ஊஞ்சல் என்றால் பள்ளி நிர்வாகமும் கல்வி இலாகாவும் சம்மதித்தால் போதுமானதாக இருக்கலாம். கூரை, தூண், மண்டபம் என்று போனால் கட்டடச் சட்டம் வரும். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் என்ற பெயரிலேயே மூன்றும் இருக்கின்றன. மண்ணை வெட்டுவதற்கும் அதே சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. பகுதி உதவி பெறும் பள்ளியாக இருந்து, நிலம் கோயிலுடையதாகவோ தோட்டத்துடையதாகவோ இருந்தால் முதல் கடிதம் அவர்களுக்கு. ஜார்ஜ் டவுனின் பாரம்பரிய வட்டத்துக்குள், 2008 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்த எல்லைக்குள், பள்ளி இருந்தால் வெளித்தோற்றத்தை மாற்றும் முன் மாநகர் மன்றத்தைக் கேட்டே ஆக வேண்டும். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குத் திட்டமிடல் சட்டமே வேறு. 1982ஆம் ஆண்டு கூட்டரசுப் பிரதேசச் சட்டம்.

சட்டம் கேட்கிறதோ இல்லையோ, நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று என்று எனக்குப் பட்டது. தண்ணீர், பொருள், மரம்.

தண்ணீர்க் கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் திட்டப்படி ரப்பர் தரையும் சிமெண்டும் சேர்ந்து 400 சதுர மீட்டர். சாயங்கால மழை ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 20,000 லிட்டர். புல்லாக இருந்தால் அதில் ஒரு பங்கை மண் குடிக்கும், மிச்சமும் மெதுவாகத்தான் போகும். அடியில் சிமெண்டு போட்ட தரை என்றால் கிட்டத்தட்ட அத்தனையும் உடனே கால்வாய்க்கு ஓடும். எங்கள் பள்ளிக் கால்வாய் ஒரு முழ அகலம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களிடம் "இது சின்ன வேலைதான்" என்று சொல்லிப் பாருங்கள். கற்கள் பரப்பி இடைவெளியில் புல் வளரவிடுவது, ஓரத்தில் சின்னப் பள்ளம் தோண்டித் தண்ணீரைத் தேக்கி மெல்ல விடுவது போன்ற வழிகளை வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் மழைநீர்க் கையேடே சொல்கிறது. அதன் இரண்டாம் பதிப்பு 2012இல் வந்தது.

தேங்குவதும் வம்பு. பழைய டயருக்குச் சாயம் பூசித் திடலில் நட்டு வைப்பது நம் பள்ளிகளில் பிரபலம். அழகாகத்தான் இருக்கும். ஏடிஸ் கொசுவுக்கும் அது அழகான வீடு. டயரின் அடியில் துளை போடாமல் விட்டால் 1975ஆம் ஆண்டு கொசு ஒழிப்புச் சட்டத்தின் கீழ் சுகாதார அதிகாரி வந்து நிற்பார்; அங்கே எந்த விலக்கும் இல்லை.

பொருள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய விளையாட்டுச் சாமான்களில் ஈயம் கலந்த சாயம் இருக்கலாம். சுரண்டும்போது தூசி பறக்கும், ஆகவே பிள்ளைகள் இல்லாத நாளில், விடுமுறையில் செய்ய வேண்டும். மரச் சாமான் வாங்கினால் என்ன மருந்து ஏற்றியது என்று கேளுங்கள். ஆர்சனிக் கலந்த ஒரு பழைய மருந்தை அமெரிக்காவில் விளையாட்டுத் திடல் மரங்களுக்குப் பயன்படுத்துவதை 2003 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். செயற்கைப் புல் வாங்கச் சொல்லி யாராவது வந்தால், அதற்குள் தூவும் ரப்பர் துகள் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் போட்ட விதிப்படி 2031 முதல் தடை செய்கிறது என்பதைச் சொல்லிப் பாருங்கள். அது வெயிலில் எவ்வளவு சுடும் என்பதை மதியம் ஒருமுறை வெறுங்காலோடு நின்று பார்த்தாலே போதும்.

மரம்தான் எங்களை மடக்கியது. திடலின் மூலையில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். குத்தகையாளரின் படத்தில் அது இல்லை. "அதை வெட்டிட்டாத்தான் சறுக்கு உட்காரும், அண்ணே. ஸ்கூல் இடம்தானே, யார் கேக்கப்போறா?" என்றார். கேட்பதற்கு அதே 1976ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளந்தால் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருக்கும் மரத்தை உள்ளூர்த் திட்டமிடல் ஆணையத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வெட்டக் கூடாது. பட்ட மரம், உடனே விழுந்து ஆபத்து விளைவிக்கும் மரம் என்றால் வேறு கதை. 80 சென்டிமீட்டர் என்பது பெரிய அளவே அல்ல. அடிமரம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம் இருந்தாலே வந்துவிடும். இ.ஐ.ஏ. அட்டவணை 38 வேலைகளைச் சொல்லிவிட்டு நம்மை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மரம் பார்த்தது.

அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு பக்கம் எழுதி வாசித்தேன். என்ன வேலை, எங்கே, எவ்வளவு பரப்பு, தண்ணீர் எங்கே போகும், என்ன பொருள், எந்த மரம், இதற்கு முன் இதே திடலில் என்னென்ன செய்திருக்கிறோம். அந்தக் கடைசி வரியை நிரப்பப் பழைய தலைவர்கள் இருவருக்குப் போன் போட வேண்டியிருந்தது. யாரும் கேட்காத தாள்தான் அது. கல்வி இலாகாவுக்குப் போன விண்ணப்பத்தோடு ஒரு பிரதியை வைத்தோம். இன்னொன்று பள்ளிக் கோப்பில் இருக்கிறது. ரப்பர் தரை ஊஞ்சலுக்கும் சறுக்குக்கும் அடியில் மட்டும் என்று குறைந்தது. சிமெண்டு நடைபாதை போய்க் கற்பாதை வந்தது. குத்தகையாளர் விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார், முகத்தைச் சுளித்துக்கொண்டே.

மரத்தை அளக்க நானும், அன்று கேள்வி கேட்ட அப்பாவும் போனோம். ஓர் ஆசிரியையிடம் தையல் நாடா இரவல் வாங்கினோம். ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, நான் மரத்தைச் சுற்றி வந்தேன். 150 சென்டிமீட்டர் நாடா மரத்தின் முதுகுப்பக்கத்திலேயே தீர்ந்துபோனது. "இன்னொன்னு வாங்கிட்டு வரவா, சார்?" என்றார். வேண்டாம் என்றேன். சறுக்கை நாலு மீட்டர் இடப்பக்கம் தள்ளிப் போட்டோம். இப்போது மதியத்தில் அதன் மேல் நிழல் விழுகிறது.